கூறையிலிருந்து உருவிய பொன்

அருங்காட்சியகத்தில் காவல் வேலை என்றால் சும்மா நிற்கிற வேலை என்று ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் என்னைத் தெரிந்த எல்லாரும் சொன்னார்கள். சேருமட்டும் நானும் அப்படித்தான் நினைத்தேன். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். கதிரையில் இருக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, புத்தகம் வாசிக்கக் கூடாது, பார்வையாளரோடு அலட்டக் கூடாது. பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை. அதனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நான் ஒரு துண்டுத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது வேறொரு நாட்டிலிருந்து சில மாதங்களுக்கு இரவலாக வந்த துணி. ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் தைத்தது என்று பக்கத்தில் ஒட்டிய அட்டை சொன்னது. பெரிய பூசைகளில் குருவானவர் தோளில் போர்த்துகிற அரைவட்டப் போர்வையில் ஒரு பகுதி அது. பிள்ளை பெற்ற மாதா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். தொட்டிலை ஒரு மாடு எட்டிப் பார்க்கிறது. சுற்றவர மீதி இடமெல்லாம் பொன். மஞ்சள் நூலை வைத்து ஏமாற்றிய வேலை அல்ல. வெள்ளித் தகட்டுக்குப் பொன் பூசி, மெல்லிய நாடாவாக நறுக்கி, பட்டு இழையில் சுற்றிய அசல் பொன் நூல்.

என்னைக் குடைந்தது அந்தப் பொன் எப்படி அங்கே நிற்கிறது என்கிற கேள்விதான். பொன் நூலைச் சாதாரண நூல் மாதிரி ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்து இழுத்துத் தைக்க முடியாது. தகடு உரிந்துபோகும். அதனால் அதைத் துணியின் மேல் கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் இடைக்கிடை கட்டுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கட்டுகள் தெரியவேண்டும். இந்தத் துணியில் ஒரு கட்டும் தெரியவில்லை. சின்னச் சின்னக் குழிகள் மட்டும் வளைந்து வளைந்து கோலம் போட்டிருந்தன.

காவலாளிக்குத் தையல் நுட்பம் எங்கிருந்து தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலிருந்துதான். வீட்டில் அந்த நேரம் இன்னொரு பொன் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவிக்கு ஒரேயொரு தம்பி. கனடாவுக்கு வருவதற்காக ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டவன், ஆபிரிக்கக் கரையோர நகரம் ஒன்றிலிருந்து ஒருநாள் தொலைபேசியில் கதைத்தான். "அக்கா, நாளைக்கு ஏத்துவாங்களாம்" என்றான். அதற்குப் பிறகு சத்தமில்லை. மாதங்கள் போயின. ஏஜென்சிக்காரனின் தொலைபேசியும் ஊமையாகிவிட்டது. கடலில் போனவர்கள், காட்டில் விடப்பட்டவர்கள், பெயர் தெரியாத சிறைகளில் இருந்தவர்கள் என்று அந்த நாட்களில் நாங்கள் கேள்விப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை. ஒருநாள் காலை, சமையலறைச் சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் நின்று அவள் நேர்த்தி வைத்தாள்.

"தம்பி உயிரோடை வந்து சேரவேணும் தாயே. என்ர பொன்னாலை, என்ர கையாலை உனக்குப் போர்வை தைச்சுப் போடுறன்."

ஆகஸ்ட் மாதத்தில் ரொறன்ரோத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வடக்கே, காரில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஒரு யாத்திரைத் தலத்துக்குப் போய் மாதா பெருநாள் கொண்டாடுவார்கள். மாதாவின் சிலையை, எங்கள் பேச்சில் சுருபத்தை, மரக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து சுற்றி வருவார்கள். அந்தச் சுருபத்துக்குத்தான் போர்வை. பொதுவாக நேர்த்தி வைக்கிறவர்கள் காரியம் கைகூடின பிறகுதான் செலுத்துவார்கள். இவள் முந்திக்கொண்டு வரப்போகும் பெருநாளுக்கே செலுத்துவதாக இருந்தாள்.

"வேலை முடிய முந்திக் கூலியைக் குடுத்தால் ஆர் அப்பா வேலை செய்வினம்?" என்று பகிடி விட்டேன்.

"மாதா உங்களைப் போல இல்லை" என்றாள்.

அவள் கார் ஆசனங்களுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தாள். தையல் அவளுக்குக் கைவந்த கலை. இந்தியக் கடைகள் இருக்கிற ஜெராட் வீதிக்குப் போய் நீலப் பட்டும் பொன் நூல் உருளை ஒன்றும் வாங்கிவந்தாள். நேர்த்திப் போர்வையை அசல் பொன்னில் தைப்பதற்கு முன்னர் கடை நூலில் ஒரு வெள்ளோட்டம் பார்ப்பதாகத் திட்டம். நீலப் பட்டில் ஒரு சாண் அகலக் கரை வைத்து, நூலை நெருக்கி நெருக்கிக் கிடத்தி, மேலால் கட்டிக் கட்டித் தைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அளவு பார்க்க, பெருநாளை நடத்துகிற சங்கத்தின் தலைவர் அண்ணையின் வீட்டுக்குப் போனோம். சுருபம் வருடம் முழுவதும் அவருடைய பேஸ்மென்ற்றில்தான் இருக்கும். மாதா அங்கே வெந்நீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியால் மூடியபடி, பெருநாள் வரும்வரை பொறுமையாக நிற்பார். துணியை எடுத்துவிட்டு மனைவி போர்வையைத் தோளில் போட்டாள். அது தோளில் விழவில்லை. இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு கூடாரம் மாதிரி நின்றது. அண்ணை சுற்றி வந்து பார்த்தார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். உது போர்வையோ, கறாஜ் கதவோ?"

நான் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை. அண்ணை நல்ல மனிதர். சமாதானமாகத்தான் சொன்னார்: "அந்தரப்படாதையும். சரிவராட்டில் போன வருசத்துப் போர்வை கிடக்கு. அதைப் போடுவம்."

வோபர்னில் இருந்த எங்கள் தொடர்மாடி வரும்வரை காருக்குள் அவள் போர்வையை மடிக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழே நிறுத்துமிடத்தில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "போன வருசத்துப் போர்வையைப் போட்டால் அவன் வரமாட்டான்."

"துணிக்கும் தம்பிக்கும் என்ன அப்பா சம்பந்தம்?" எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கேட்டுவிட்டேன்.

சம்பந்தம் இல்லையென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் தம்பிக்காக அவளால் செய்யக்கூடியதாக இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தத் துணி ஒன்றுதான். அதுவும் சரிவராவிட்டால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் வேலையில் அந்தப் பழைய துணியை வேறு கண்ணோடு பார்த்தேன். அதிலும் பொன் நெருக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஒரு மூலையில் மெத்தென்று தொய்ந்து கிடந்தது. எழுநூறு வருடத்துக்கு முந்தின பொன் துணி மடிகிறது, எங்கள் துணி கறாஜ் கதவாக நிற்கிறது. கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். மூக்கு கண்ணாடியில் முட்டியது. உடனே அலாரம் அலறத் தொடங்கியது.

வேலியே பயிரை மேய்ந்த கதை. மேலதிகாரி ஓடிவந்தார், சக காவலாளிகள் ஓடிவந்தார்கள். பழைய துணிகளைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஒரு கனடியப் பெண்ணும் ஓடிவந்தார். என் வயதுதான் இருக்கும். சப்பாத்து நாடாவில் கட்டின மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. துணிக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ட பிறகு, அவ்வளவு கிட்டப் போய் என்னதான் பார்த்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். மேலதிகாரி முறைத்துக்கொண்டு நிற்க, பொன்னைக் கட்டின நூலைத் தேடினேன் என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியாது. "அது முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது" என்றார். பழைய துணிகளுக்கு வெளிச்சம் ஆகாதாம். சில வாரங்களுக்கு ஒருமுறை எடுத்து இருட்டில் ஓய்வு கொடுக்கவேண்டுமாம். அப்படி எடுக்கும்போது கூடவே ஒரு காவலாளி போகவேண்டும் என்பது விதி. "உங்களையே கேட்டு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார்.

அவர்களுடைய வேலையறையில், வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் அந்தத் துணியை மெல்லப் புரட்டினார்கள். பின்பக்கத்தில் பொன் இல்லை. லினன் நூல்தான் வரிசை வரிசையாக ஓடியது. ஒவ்வொரு தையலிலும் ஒரு புள்ளி பொன் மட்டும் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் பென்சில் நுனியால், தொடாமல், காட்டிக் காட்டி விளக்கினார்.

பொன் நூலை மேலே கிடத்துவார்கள். பலமான லினன் நூல் அடியிலிருந்து ஒரு துளையால் மேலே வரும், பொன்னைச் சுற்றும், வந்த அதே துளையால் திரும்பிக் கீழே போகும். பிறகு கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டி இழுப்பார்கள். லினன் நூல் பொன்னின் ஒரு துளியைத் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு மறைந்துவிடும். மேலே மிஞ்சுவது ஒரு குழி மட்டும். அந்தக் குழிகளை அடுக்குகிற ஒழுங்கில்தான் கோலம் வருகிறது. ஒவ்வொரு குழியிலும் பொன் மடிவதால் அந்த இடமெல்லாம் கதவுப் பிணைச்சல் மாதிரி வேலை செய்கிறது. அதனால்தான் இவ்வளவு பொன்னைச் சுமந்துகொண்டும் துணி தோளில் வழிந்து விழுகிறது.

நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ஆர் தைத்தார்கள்? லண்டன் பட்டறைகளில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து தைத்தார்களாம். முக்கால்வாசிப் பேருடைய பெயர் தெரியாதாம். படத்தை எப்படித் துணியில் இறக்கினார்கள்? தோல்தாளில் படம் வரைந்து, கோட்டில் ஊசியால் துளை குத்தி, மேலால் கரித்தூள் தட்டுவார்களாம். கோலமாவுக் குழல் தட்டுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இந்த இங்கிலாந்து வேலைக்கு ஐரோப்பா முழுக்க மவுசு இருந்ததாம். பாப்பரசர்களே விரும்பி எடுப்பித்தார்களாம். பிறகு கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக ஆட்கள் செத்த காலத்தில், இவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு, மேலால் கட்டுகிற சுலபமான முறை மேலோங்கியதாம்.

"மற்றப் பகுதிகள் எங்கே?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் அவர் பெருமூச்சு விட்டார். இங்கிலாந்து கத்தோலிக்கத்தைக் கைவிட்டு மதம் மாறின காலத்தில் கோயில் உடுப்புகளை வெட்டிக் கட்டில் விரிப்பாகவும் திண்டு உறையாகவும் ஆக்கினார்களாம். சிலதை நெருப்பில் போட்டு, பட்டு எரிந்துபோக, உருகி மிஞ்சின பொன்னையும் வெள்ளியையும் எடுத்தார்களாம். இந்தத் துண்டு திண்டு உறையாக இருந்துதான் தப்பியிருக்கவேண்டும் என்பது அவருடைய ஊகம்.

எத்தனை கைகள் கிடந்து மாய்ந்த வேலை! துணியைக் கிழித்துப் பொன்னை உருவுகிறவனுக்கு மனம் என்று ஒன்று இருக்குமா? சுரங்க ரயிலில் வரும்போதும், பேருந்தில் வரும்போதும் அந்தக் காலத்துப் பாவிகளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தால், கூடத்து நடுவில் மனைவி கூறைச் சேலையை விரித்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலும் ஊசியுமாகத் தலைப்பிலிருந்து சரிகையை உருவிக்கொண்டு இருந்தாள்.

எங்கள் கலியாணக் கூறை. எங்கள் வழக்கத்தில் கூறை எடுப்பது மாப்பிள்ளை பகுதி. பெண் கோயிலில் வெள்ளைச் சேலையோடு தாலி கட்டிக்கொள்வாள், பிறகு அந்தச் சிவப்புக் கூறைக்கு மாறுவாள். கொழும்பில் கடை கடையாக ஏறி நானே தெரிந்தெடுத்த கூறை அது. கடைக்காரர் சரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே இருந்த சிவப்புப் பட்டு இழையைக் காட்டி, "அசல் சரிகை, தம்பி" என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கும். கலியாணத்தன்று அவள், தலைப்புச் சரிகை கையைக் கீறுது என்று முணுமுணுத்துக்கொண்டே படத்துக்கு நின்றாள். ஆனாலும் மகாராணி மாதிரி இருந்தாள்.

"என்ன வேலை பாக்கிறீர்?" நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "உமக்கு விசரோ? கடையிலை பொன் நூல் கிடையாதோ?"

"கடை நூல் பொன்னில்லை. சும்மா பளபளக்குது."

"அப்ப ஒரு மோதிரத்தைக் கொண்டுபோய்க் காணிக்கைப் பெட்டியிலை போடுமன்!"

அவள் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "என்ர பொன்னாலை எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன சொல்லை மாத்தேலாது. சங்கிலி, காப்பு, மோதிரம் எல்லாம் அவனை அனுப்ப ஏஜென்சிக்குப் போட்டுது. இப்ப என்னட்டைக் கிடக்கிற பொன் ரெண்டே ரெண்டு. ஒண்டு கழுத்திலை கிடக்கிற தாலிக்கொடி. மற்றது இது. எதை எடுக்கச் சொல்லுறியள்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் திரும்பக் குனிந்து அடுத்த இழையை உருவினாள். கொஞ்ச நேரத்தில் என் கண் தன்பாட்டில் அந்த இழைக்குப் போய்விட்டது. ஒரு துண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பட்டு இழையைச் சுற்றித் தகடு. காலையில் பார்த்த அதே சுற்று.

"இஞ்சை பாரும்," என்றேன். "இதை மேலாலை கட்டக் கூடாது. கீழாலை இழுக்கவேணும்."

கடதாசித் துவாயில் படம் கீறிக் காட்டினேன். அவள் முதலில் நம்பவில்லை.

"வந்த அதே ஓட்டையாலையோ?"

"அதே ஓட்டையாலைதான்."

"அப்பிடியெண்டால் நூல் கழண்டு வந்திடுமே."

"பொன் பிடிச்சுக்கொண்டு நிக்கும் அப்பா. நான் கண்ணாலை கண்டனான்."

தானும் கண்ணால் காணவேண்டும் என்று அவளுக்கு வந்துவிட்டது. துணி ஓய்வு முடிந்து திரும்பப் பெட்டிக்குள் வந்த பிறகு, அவளுக்கு லீவு கிடைத்த ஒருநாள் வந்து சேர்ந்தாள். நான் சீருடையில் நிற்கிறேன். அவள் என்னைத் தெரியாதவள் போலக் கடந்து நேரே பெட்டிக்குப் போனாள். குனிந்தாள், இன்னும் குனிந்தாள். என் கதி அவளுக்கும் வரப்போகிறது என்று கண்டு, "தயவுசெய்து பின்னால் தள்ளி நில்லுங்கள், மேடம்" என்று ஆங்கிலத்தில் அதட்டினேன். பல வருடத் தாம்பத்தியத்தில் அவள் என் சொல்லை உடனே கேட்டது அந்த ஒருமுறைதான். போகும்போது வாய்க்குள் சொல்லிவிட்டுப் போனாள்: "மாதா நல்லாக் களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறா. தைச்சவைக்குப் பிள்ளைப்பேறு தெரிஞ்சிருக்கு."

தெரிந்துகொள்வது வேறு, கைக்கு வருவது வேறு. முதலில் தொழிற்சாலையில் வீசுகிற நைலோன் நூலில் முயன்றாள். சுண்டி இழுத்ததும் அது கத்தி மாதிரிச் சரிகையை அறுத்தது. "நீர் பலமா இழுக்கிறீர்" என்று நான் சொல்ல, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் எண்டு என்னைச் சொல்லுறியளோ? நூல்தான் பிழை" என்று சீறினாள். நூல்தான் பிழை. டான்ஃபோர்த்தில் சப்பாத்துத் திருத்துகிற ஒரு கிரேக்கரிடம் லினன் நூல் வாங்கினோம். அதைப் பிரித்து மெல்லிசாக்கி, தேன்மெழுகில் இழுத்து எடுத்தாள். அது அறுக்கவில்லை, வழுக்கவுமில்லை. உருவிய சரிகையோ நெசவில் கிடந்த நெளிவு நிமிராமல் சுருண்டுகொண்டு நின்றது. கொதிக்கிற கேத்திலின் ஆவியில் காட்டி, வெறும் பால்மாத் தகரப் பேணியைச் சுற்றி இறுக்கி வைத்து எடுத்தால் ஓரளவுக்கு வழிக்கு வந்தது.

தையற்சட்டம் என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. குளிருக்கு நுளம்பு வலை எதற்கு என்று யன்னல் வலைச் சட்டத்தைக் கழற்றி, வலையை நீக்கி, லினன் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் நீலப் பட்டை வைத்தோம். இரண்டு கதிரைகளின் முதுகில் சட்டத்தைக் கிடத்தினோம். எனக்குத் தைக்கத் தெரியாது, ஆனால் பொன்னைக் கிடத்த ஒரு கை வேண்டும். நான் மேலேயிருந்து சரிகையைப் பிடிப்பேன். அவளுடைய ஒரு கை மேலே, மற்றது கீழே. "விடுங்கோ" என்றால் கொஞ்சம் விடவேண்டும், "பிடியுங்கோ" என்றால் பிடிக்கவேண்டும். ஊசி மேலே வரும், சுற்றும், அதே துளையால் போகும். பிறகு அடியில் அவள் சுண்டுகிற அந்தக் கணத்தில் என் விரலுக்குக் கீழே பொன் துள்ளிக் குனியும். ஒவ்வொரு முறையும் எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது.

முதல் உள்ளங்கை அளவு முடிந்ததும் ஓரமாக ஒரு மாதிரித் துண்டைத் தைத்து வெட்டி எடுத்து வேலைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கனடியப் பெண் முதலில் அதன் அழகைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூலில் தகடு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்றுதான் பார்த்தார். நூல் எந்த ஊரில் செய்தது என்பதற்கு அது ஒரு தடயமாம். பிறகு அதை மெல்ல மடித்தார். மடிந்தது. இன்னொரு பக்கமாக மடித்தார். அதற்கும் மடிந்தது. "எங்கே எடுத்தீர்கள் இந்தப் பொன் நூலை?" என்று கேட்டார். என் மனைவியின் கலியாணச் சேலையில் என்றேன். அவர் கையிலிருந்த துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதைத் திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார்.

சரிகை போதாது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சாண் கரை மூன்று விரல் கரையாகச் சுருங்கியது. மீதி நீலத்தில் ஆங்காங்கே நட்சத்திரங்கள். தலைப்பின் சரிகை முழுவதும் போய்விட்டது. வேனில் வந்தது, வலை இல்லாத யன்னலால் நுளம்புகள் வந்து கடித்தன. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, கடைசிக் கிழமையில் எங்களுக்கு ஊசிக்குள் நூல் போகவில்லை. தம்பியிடமிருந்து செய்தியும் இல்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவள் ஊசியைக் கீழே வைப்பாள், பிறகு எடுப்பாள்.

பெருநாளன்று காலை, யாத்திரைத் தலத்து மரத்தடியில், அண்ணை சுருபத்தைப் பிடித்துக்கொள்ள மனைவி போர்வையைப் போட்டாள். அது தோளில் விழுந்து, கையில் மடிந்து, பாதம்வரை வழிந்தது. வெயில் பட்டபோது குழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் மின்னின. அண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இப்பதான் மாதா தோளை இறக்கி ஆறுதலா நிக்கிறா."

கூடு தூக்கினார்கள். சனங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் போனார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். மனைவி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் சொன்னாள்: "என்ர பங்கு முடிஞ்சுது. இனி அவவின்ர பாடு."

மாதா அவசரப்படவில்லை. இலை கொட்டியது, பனி கொட்டியது. தைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவள் கை சும்மா இருந்த அந்த மாதங்கள்தான் எல்லாவற்றிலும் கொடுமையானவை. நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதே அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். குளிர் முடிகிற நேரம் ஒருநாள் தொலைபேசி அடித்தது, தம்பிதான். ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் கிடந்து, வெளியே வந்து, நாடு நாடாக இழுபட்டு, இப்போது கனடாவின் வேறொரு நகரத்தில் இறங்கிவிட்டான். விசாரணைகள் முடிந்து அவனை விட இன்னும் சில நாட்கள் எடுத்தன. பிறகு ரொறன்ரோவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். போர்வைதான் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். இல்லையென்று அவளுக்கு முன்னால் சொல்லவும் மாட்டேன்.

விமான நிலையத்துக்கு வெளிக்கிட அவளைக் கூப்பிட்டபோது, அவள் கூறை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"எயர்போர்ட்டுக்குக் கூறையோ?" என்றேன்.

"ஓம்" என்றாள்.

சரிகை உருவிய தலைப்பு பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டும் சரிகையும் சேர்ந்து ஓடின இடங்களில் சிவப்பு மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தது. சரிகை மட்டும் ஓடின பட்டைகளிலோ குறுக்கிழை இல்லாமல் வெறும் பாவு நூல்கள் தொங்கின. அதை மறைக்க அவள் முயலவில்லை. கையில் விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். வந்து போன சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

கதவு திறந்து அவன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். பாதி ஆளாக வற்றியிருந்தான். அக்காவைக் கண்டதும் நின்றான். கண் அவளுடைய தலைப்பில் விழுந்தது. பழைய குறும்பு அந்த வற்றின முகத்தில் எங்கிருந்தோ வந்தது.

"என்னக்கா, ரொறன்ரோவிலை எலி கூடவோ? கூறைத் தலைப்பெல்லாம் அரிச்சுப்போட்டுது."

"ஓமடா," என்றாள் அவள். "அந்த எலி இப்பதான் வந்து இறங்கியிருக்கு."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அவனும் அழுதான். அவள் அந்தத் தலைப்பைப் பிடித்து அவனுடைய கண்ணையும் கன்னத்தையும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சரிகை கிடந்திருந்தால் அவன் முகத்தைக் கீறியிருக்கும்.